காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

1

கோபத்தில் எழுத உட்கார்ந்த கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபத் திருவிழாக் கடை ஒன்றில், வளையலுக்கும் சாந்துப் பொட்டுக்கும் நடுவில் தொங்கிய ஒரு தலைச்சாயப் பொட்டலத்தைத் திட்டுவதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். கம்பெனிப் பெயர் கிடையாது. முட்டிவரை முடி வளர்த்த ஒரு பொம்பளைப் படம், பின்பக்கம் இங்கிலீஷில் மூன்று வரி, அவ்வளவுதான். விற்றவனைத் தேடினால், தீபம் முடிந்த கையோடு கடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான். திட்ட ஆள் கிடைக்காத கோபம் கதையாகத்தான் வரும்போல.

முதல் வரி இப்படி வந்தது:

'எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனி மாதம், திருவண்ணாமலையில் பொன்னி என்கிற பட்டதாரிப் பெண்ணை...'

நிறுத்திவிட்டேன். பொன்னியாவது கின்னியாவது. நான்தான் அது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. இருபத்து மூன்று வயசு. நெற்றிக்கு மேலே கையகலம் நரை.

2

அம்மாவை வில்லியாக எழுதுவதென்று தீர்மானித்திருந்தேன். மகளின் தலையைப் பிடித்து அமுக்கிச் சாயம் பூசும் அம்மா. படிக்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள், எனக்கும் வேலை சுலபம். ஆனால் சந்திரம்மாள் அந்தப் பாத்திரத்துக்குள் நிற்கமாட்டேன் என்கிறாள். (பெயரை மாற்றிப் பார்த்தேன். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா திரும்பிப் பார்ப்பதில்லை.)

ஏற்கெனவே ஒரு வரன் என் நரையைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருந்தது. அடுத்தது கீழ்பென்னாத்தூர்க்காரர்கள்.

"வெள்ளையாவே பாக்கட்டும். புடிச்சா கட்டட்டும்" என்றேன்.

"பேச்சு மட்டும் வக்கீலாட்டம். நீ படிச்சது கெமிஸ்ட்ரிதானே? இதுல இன்னா எழுதிருக்குதுன்னு படி" என்று, தீபத்தில் வாங்கி வைத்திருந்த சாயப் பொட்டலத்தை நீட்டினாள் அம்மா.

கேலியாகத்தான் படித்தேன். "காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வெச்சுப் பாக்கணுமாம். அரிச்சா பூசக்கூடாதாம்."

"அவ்வளவுதானே" என்றாள்.

மறுநாள் காலை அடுப்படியில் மணை போட்டு என்னை உட்காரவைத்தாள்.

"எனக்கு வெச்சுப் பாக்கவே இல்லியே?"

"நான் வெச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் ஆவல."

"உன் காதுலயா?"

"ஆமாண்டி. நீ இன்னா வானத்துலேர்ந்து குதிச்சியா? என் ரத்தந்தானே. எனக்கு ஒத்துக்கினா உனக்கும் ஒத்துக்கும். ஒத்துக்கலன்னா என்னோட போவட்டும்."*

கையுறை ஏது? வெறும் விரலால் முடியைப் பிரித்துப் பிரித்துப் பூசினாள். சாயம் படாமலிருக்க என் இரண்டு காதுகளையும் வெற்றிலையால் மூடினாள்.

இவளை எப்படி வில்லியாக எழுதுவது?

* ஒருத்தர் தோலுக்கும் இன்னொருத்தர் தோலுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பட்டதாரி அங்கேயே விளக்கினாள். "தலைய ஆட்டாத" என்று பதில் வந்தது. அரிப்பு இரண்டு நாள் கழித்துக்கூட வரும் என்பது பொட்டலத்தில் இல்லை. பட்டதாரிக்கும் தெரியாது.

3

[இங்கே தலையணை உறை கறுத்தது, துண்டு கறுத்தது, வேர்வைக்குப் பயந்தது பற்றியெல்லாம் நீளமாக எழுதி அடித்துவிட்டேன். துண்டைத் துவைத்துக்கொள்ளலாம்.]

சாயம் பூசிய மூன்றாம் நாள், பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்த பிறகும் அம்மா அடுப்படியைவிட்டு வரவில்லை. முதல்நாளிலிருந்தே முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தாள். புகை என்றாள். இப்போது முந்தானையை நானே விலக்கினேன். காது தடித்து, கழுத்து சிவந்து, இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் நீர்க்கொப்புளம். என் தலையில் ஒரு தடிப்புகூட இல்லை.

"எம்மா, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு."

"கத்தாத. இந்த மூஞ்சோட கூடத்துல போனா இன்னா ஏதுன்னு கேப்பாங்க. இதுவும் கைய விட்டுப் போவும். காபிய எடுத்துனு போ."

எங்கள் அடுப்படிக்குக் கூடத்து வழி மட்டும்தான். (கதைக்காக ஒரு பின்வாசல் வைத்துப் பார்த்தேன். வைத்தால் கதையே அதன் வழியாக வெளியே போய்விடுகிறது.)

"அவளுக்குத் தலைவலிங்க" என்று நைனா கூடத்தில் சொல்வது கேட்டது.

4

"தலைவலின்னா நான் வந்து பாக்கக்கூடாதா?" என்று உள்ளே வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை ரேணுகாம்பாள். பெண் பிடித்துப்போனால் பூ வைக்கிற கை அவருடையது. ஈரத்துணியில் சுற்றிய மல்லிச் சரம் கையில் இருந்தது.

'அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "அய்யய்யோ, நரைய மறைச்சு ஏமாத்தப் பாக்கறாங்க!" என்று கூடம் அதிர...'

என் கோபத்துக்குத் தோதாகத்தான் இருந்தது. பொய்.

அவர் கத்தவில்லை. கதவை ஒருக்களித்துச் சாத்தினார். அம்மாவின் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். என் தலையை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் காது மடலை முன்னால் மடக்கிக் காட்டினார். பின்னால் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது.

"மாசாமாசம் இதான். எங்க ஊட்டுக்காரருக்கே தெரியாது. மொதல் தபா அரிச்சுது. அடுத்த தபா ஜாஸ்தி. இனிமே நீங்க இதத் தொடாதீங்க, அக்கா."

என் பக்கம் திரும்பினார். "உனக்கு எங்க கண்ணு நரை?"

நெற்றிக்கு மேலே காட்டினேன்.

"எனக்கும் அங்கதான்."

(யார் நம்புவார்கள் என்று இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

"பூ வெக்கட்டுமா? வெச்சா, எங்க ஊட்லயும் நீ மறச்சுனேதான் இருக்கணும். வேணாம்னா சொல்லு. எனக்கும் தலைவலின்னு வெளியே போயிடறேன்."

"மொதல்ல அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அதுக்கும் இந்தக் கதவுதானே, கண்ணு?"

"நீங்க வைங்கம்மா" என்றாள் அம்மா.

5

முடிவு ஒன்று: நானும் அத்தையும் அம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி... (எனக்கே கைதட்டல் கேட்கிறது. சந்தேகம்.)

முடிவு இரண்டு: பூ வைத்துக்கொண்டு, காபி கொடுத்து, அவர்கள் போனதும் ஆஸ்பத்திரி. கல்யாணம். மாசாமாசம் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அத்தையும்... (இதை எழுதக் கை வரவில்லை. நடக்காது என்றும் சொல்லவில்லை.)

அம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிழைத்தது. அந்த ஒரு முடிவை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். மீதி உங்களுடையது.

என் இடத்தில் வந்து நில்லுங்கள். அத்தை சரத்தை உங்கள் தலையில் வைத்துப் பார்க்கிறார், இன்னும் கொண்டை ஊசி குத்தவில்லை. ஈரம் பட்டுச் சாயம் இளகி, மல்லி ஒவ்வொன்றாகக் கறுக்கிறது. அத்தை உங்கள் முகத்தையே பார்க்கிறார். கூடத்தில் யாரோ இருமுகிறார்கள்.

கண் திறக்காத அம்மா கேட்கிறாள்: "பூ எடுப்பா இருக்குதாடி?"

பதில் சொல்லுங்கள். அவள் கொப்புளம் போட்ட விரலால் உங்கள் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருக்கிறாள், அங்கே ஏதாவது தடித்திருக்கிறதா என்று.