தேவானை டிராம் ஏறிய வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல. போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினேன். எதிர்ப் பலகையில் இடுப்புக் குழந்தையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.* என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"இன்னா எழுதுவீங்க?"

"ஆபீஸில் கணக்கு. வீட்டில் கதை."

"அப்ப இத்த எழுதுங்க."

மாம்பலம் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். எழுத எனக்கு ஐந்து மாதம் ஆகிறது.

(* பெண்கள் பெட்டி இருக்க, இங்கே ஏன் ஏறினாள் என்று கேட்பீர்கள். ஓடி வந்தவள், கைக்கு எட்டிய பெட்டியில் ஏறினாள்.)

2

முதல் ஆரம்பம்: "வங்கக் கடலின் அலைகள் ஓயாமல் கரையை—"

அடித்துவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். அதையும் நின்று பார்க்க நேரமில்லை.

இரண்டாவது: "தேவானை ஓர் அபலை. அவள்—"

இதையும் அடித்தேன். ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

நேராகவே சொல்கிறேன். தேவானைக்கு ஊர் செங்கல்பட்டு. கணவர் சுப்புராயன் கோர்ட்டு வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். அண்ணன் துரைராஜுக்கு ரங்கூனில் மர ஆலையில் வேலை. போன வருஷம் அவர்கள் அம்மா இறந்தபோது அவனால் வர முடியவில்லை. கடைசி மூச்சுக்கு முன்னால் அம்மா சொன்னது: "தொர மேல எனக்குக் கோவமில்லன்னு அவனுக்குச் சொல்லு."

தேவானைக்கு எழுதத் தெரியாது. கணவரிடம் சொல்லி எழுதச் சொன்னாள். அவர் எழுதினார், ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக, பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க வராத மகனைப் பற்றி, கோர்ட்டு மனுவின் நடையில், இரண்டு பக்கம். ரங்கூனிலிருந்து கோபமாகப் பதில் வந்த பிறகுதான் விஷயமே அவளுக்குத் தெரிந்தது.

இப்போது துரைராஜ் மூன்று வாரம் மதராஸில் இருந்தும் செங்கல்பட்டுக்கு வரவில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், கரீமுல்லா சாயபு வீட்டு மாடியில் தங்கியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கப்பல் என்றும் ஒரு கார்டு மட்டும் போட்டிருந்தான். தேவானை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுப்புராயன், "சரி, கிளம்பு" என்றார்.

(இவரை வில்லனாக்கலாம் என்றிருந்தேன். அவள் ஒப்பவில்லை. "அவரு நல்லவருதாங்க. பேனாவப் புடிச்சா மட்டும் வேற ஆளாயிடுவாரு." இதைக் கேட்டு நான் என் பேனாவைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.)

3

தாம்பரத்தில் மின்சார ரயிலுக்கு மாறினார்கள். சைதாப்பேட்டையில் சுப்புராயன் சோடா குடிக்க இறங்கினார். செங்கல்பட்டு பாசஞ்சர் என்றால் சோடா குடித்து, வெற்றிலை போட்டு, ஸ்டேஷன் மாஸ்டரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு ஏறலாம். இந்த வண்டி அப்படி நிற்பதில்லை.

"கூவுனேன். அவரு பாட்டில வாயில வெச்சிக்கினே திரும்பிப் பாத்தாரு. அவ்ளோதான்."

டிக்கெட்டு, விலாசம் எழுதிய கார்டு, குழந்தையின் பால் புட்டி எல்லாம் அவரோடு நின்றுவிட்டன. முந்தானை முடிச்சில் கொஞ்சம் சில்லறை இருந்தது. மாம்பலத்தில் இறங்கவேண்டும் என்பது நினைவிருந்தது, இறங்கினாள். வாசலில் டிக்கெட் கலெக்டர் கை நீட்டினார்.

"டிக்கெட்டு சைதாப்பேட்டைல நிக்குது சார். அடுத்த வண்டியில வரும். முறுக்கு மீச, கையில பால் புட்டி. வந்தா புடிச்சி உக்கார வெச்சிக்கோங்க. நான் திரும்பி வர்ற வரிக்கும் உட்டுடாதீங்க."

கலெக்டர் சிரித்துவிட்டார். சிரித்தபின் எப்படி நிறுத்தி வைப்பது?

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த வண்டி அரை மணியில் வந்துவிடும். அவள் ஏன் காத்திருக்கவில்லை? அவளிடமே கேட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரோட போனா அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்குவான். தனியா போனா பேசுவான். வாசல்ல பஸ்ஸு நிக்குது. ஏறிட்டேன்."

4

விலாசத்தைக் கணவர் படித்தபோது காதில் வாங்கியிருந்தாள். பஸ் கண்டக்டரிடம் ஒப்பித்தாள். "கச்சேரி ரோடுதான? குந்தும்மா, நான் சொல்றேன்" என்று அவன் சரியான இடத்தில் இறக்கிவிட்டான்.

கரீமுல்லா வீட்டில் ஆண்கள் யாருமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று அவர் மனைவி அஸ்மத்துன்னிசா பேசினாள். "துரைராஜ் தங்கச்சியா? ஐயோ, இப்பத்தானே ஜட்காவுல ஹார்பருக்குப் போனாங்க!"

தேவானை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவள் தோளைத் தொட்டது. இன்னொரு கை குழந்தைக்குப் பால் கொடுத்தது. "அழாதேம்மா. ஜட்காக் குதிரை மெதுவாத்தான் போவும். லஸ்ல டிராம் ஏறு. ராயப்பேட்டை, மவுண்ட் ரோடு எல்லாம் தாண்டி, பாரீஸ் முனைல இறங்கு. அங்கேர்ந்து கூட்டம் போற வழில ஓடு."

"நீங்க போயிருக்கீங்களா?"

"நான் எங்கே போனேன்? ஏறினதே இல்ல. வீட்டுக்காரர் சொல்லுவார், கேட்டுக் கேட்டு மனப்பாடம்."

(ஏறாதவள் சொன்ன வழி அத்தனையும் சரியாக இருந்தது. நான் மாம்பலத்துக்குக் குடிவந்து இரண்டு வருஷம். மயிலாப்பூர் பஸ் எங்கே நிற்கும் என்று இன்னும் விசாரிக்கிறேன்.)

டிராமில் முன்பக்கம் இடம் கிடைத்தது. டிரைவர் காலால் மணியை மிதிக்க மிதிக்க, மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் துரைமார் மோட்டாரும் ஒதுங்கி வழிவிட்டன.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"ராயப்பேட்ட வரிக்கும் இருந்திச்சி. அப்பால மறந்துட்டேன்."

5

துறைமுக வாசலில் போலீஸ்காரர் குறுக்கே கை நீட்டினார். பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது. இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ரங்கூன் போகிறவர்கள், மூட்டையும் பெட்டியுமாக நானூறு பேர். எல்லாருக்கும் முதுகு. எது அண்ணன் முதுகு?

இந்த இடத்துக்கு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் வருவதற்குள் கப்பல் நகர்ந்துவிட்டது. வெறும் நீரைப் பார்த்தபடி அவள்— (பத்திரிகை நண்பர் இதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கிழித்துப் போட்டேன். பொய் சொல்லி ஒருவரை அழவைப்பதில் என்ன பெருமை?)

ஆ) அண்ணன் கப்பலை விட்டுவிட்டுத் தங்கையோடு செங்கல்பட்டு— (இல்லை. அவன் போய்விட்டான். வேலை அங்கே.)

நடந்தது இதுதான். தேவானை கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அண்ணே! அம்மாவுக்கு உன் மேல கோவமில்ல! சாவும்போது சொல்லிட்டுப் போச்சு! கோவமில்ல!"

நானூறு முதுகும் திரும்பின. ஒருவன் மட்டும் பெட்டியைக் கீழே போட்டான்.

கூட்டம் தானாக விலகியது. அவன் வந்து, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்தான். பிறகு அதில் நெற்றியை வைத்துக்கொண்டான். போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பி நின்றார். கப்பல் சங்கு ஊதும் வரை திரும்பவே இல்லை.

"இன்னா பேசினீங்க?" என்று நானும் அவள் பாஷையிலேயே கேட்டேன்.

"அது எங்களோடது. அத்த எழுத வாணாம்."

எழுதவில்லை.

6

மாம்பலம் வந்தது. பிளாட்பாரப் பெஞ்சில் டிக்கெட் கலெக்டருக்குப் பக்கத்தில், முறுக்கு மீசையோடு ஒருவர், மடியில் பால் புட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயந்து பயந்து முகம் கறுத்திருந்தது. தேவானை வாசலுக்குப் போய் நின்று கூப்பிட்டாள். அவர் ஓடி வந்தார். ஒரு கையில் குழந்தை, மறு கையால் அவரை எட்டிப் பிடித்து உள்ளே இழுத்தாள். காலையில் செங்கல்பட்டிலிருந்து கிளம்பியவள் இந்தத் தேவானைதானா என்பதுபோல அவர் அவளையே பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

நான் மாம்பலத்துக்காரன். இறங்கவேண்டியதாயிற்று, வண்டி போய்விட்டது.

அவள் முதலில் சொன்னது என்ன? கோபமா, சிரிப்பா, அண்ணன் சொல்லியனுப்பிய சேதியா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் அவள் குரலில் இல்லை. நீங்கள் இன்னும் அதே பெட்டியில்தான் இருக்கிறீர்கள். எனக்கு எதிரே இருந்த பலகையில் அவர்கள் இப்போது சேர்ந்து உட்காருகிறார்கள். தாம்பரம் வரை நேரமிருக்கிறது. காதைக் கொடுத்துக் கேளுங்கள்.