இல்லாத கையில் ஒரு பிடி

ஊசி என்றால் உள்ளே மருந்து இருக்க வேண்டும். மருந்தே இல்லாத ஊசியைக் குத்திக்கொள்ள மாடிப்படி ஏறுகிறவனுக்கு மூளை பிசகியிருக்க வேண்டும். ஒத்தைக்கையார் இதைச் சொல்லிக்கொண்டேதான் ஏறினார். மகள் பின்னால் தள்ளாத குறையாக வந்தாள்.

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கல்லுடைக்கும் ஆலையில் போனது. ஒத்தைக்கை என்பது ஆலைக்காரன்கள் வைத்த பட்டப்பெயர். தலை நரைத்த பிறகு மரியாதைக்கு ஓர் ‘ஆர்’ ஒட்டிக்கொண்டது. போன கை போனதோடு தொலைந்திருந்தால் பரவாயில்லை. அது ராத்திரி பகல் பார்க்காமல் வலித்தது. விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் இறங்குகிற வலி. சொன்னால் எவன் நம்புவான்? பெரியாஸ்பத்திரி டாக்டர் நம்பினார். நம்பி, அந்தக் கையில் மிச்சமிருப்பதையும் தோள்வரை எடுத்துவிடலாம் என்றார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். அதற்குள் இதையும் பார்த்துவிடுவோம் என்று மகள்தான் இழுத்து வந்தாள்.

கண்ணாடிக் கடைக்கு மேலே குறுகலான அறை. கட்டிலில் துணிக்குப் பதில் காகிதம் விரித்திருந்தது. படுத்தால் மீன் பொட்டலம் மாதிரி சரசரத்தது.

“எந்தக் கையில வலி, ஐயா?” என்றாள் ஊசிக்கார அம்மாள்.

“இல்லாத கையில.”

அவள் சிரிக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவள் சுற்றி வந்து இடது கையை எடுத்தாள்.

“ஏம்மா, நோவு அந்தப் பக்கம், குத்துறது இந்தப் பக்கமா? பக்கத்து வீட்டுல தீப்பிடிச்சா உங்க வீட்டுலதான் தண்ணி ஊத்துவீங்களோ?”

“அப்பா, சும்மா படுங்களேன்,” என்றாள் மகள்.

“அந்தப் பக்கம் குத்த எடம் இல்லையே ஐயா. இதுல குத்தினா அதுக்குக் கேக்கும். ரெண்டும் கூடப்பொறந்ததுங்கதானே.”

ஒத்தைக்கையார் கையை இழுத்துக்கொள்ளாமல் படுத்தார்.

அவருக்கும் கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்தான். தம்பி. அதே ஆலையில் வேலை. கல்லை மேலே ஏற்றுகிற பெல்ட்டில் அவன் சறுக்கி விழுந்தபோது, இவர் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்தார். சுவிட்சை அணைக்க ஓடினவன் போய்ச் சேர்வதற்குள் பெல்ட் தம்பியைக் கொண்டுபோனது. தம்பியோடு இவர் கையும் போனது. கடைசிவரை விடலைடா மனுஷன் என்று ஆலையே பேசியது. தம்பி பெண்சாதி காலில் விழுந்து அழுதாள். அந்தப் பேச்சை ஊன்றுகோலாக வைத்துத்தான் இத்தனை வருஷம் நிமிர்ந்து நடந்தார். வலி எதனால் என்றும் அவருக்குத் தெரியும். கை இன்னும் தம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. டாக்டர் என்ன மாமனா மச்சானா?

ஊசி தலைமயிர் கனம்தான் இருந்தது. சின்னக் குழாய்க்குள் நிறுத்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் தட்டி இறக்கினாள். இன்னும் சில ஊசிகள் மணிக்கட்டில். பிறகு ஒன்றைப் பிடித்து மெல்லத் திருகினாள். வலிக்கவில்லை. ஈரச் சாக்கை மேலே போட்ட மாதிரி கை கனத்தது.

“இப்ப ரெண்டு கையையும் ஒண்ணா விரிங்க.”

“இல்லாததை எப்படி விரிக்கிறது?”

“மூடியிருக்குன்னு தெரியுதில்ல? அப்ப விரிக்கவும் தெரியும்.”

திட்டிக்கொண்டே இடது கையை விரித்தார். வலப்பக்கம், ஒன்றுமில்லாத இடத்தில், கட்டைவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்கள், துருப்பிடித்த கீல் மாதிரி, ஒவ்வொன்றாக விலகின. நகம் சதையை விட்டது. வலி இறங்கிப் போய்விட்டது.

“எப்படி இருக்கு?”

“இல்ல. போயிடுச்சு.”

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன்ப்பா, வரலைன்னு.”

அவர் எழுந்திருக்கவில்லை. விரல்கள் விரிந்துதான் கிடந்தன. ஆனாலும் அந்த இல்லாத மணிக்கட்டில் ஒரு பிடி இருந்தது. மேலே நாலு விரல், அடியில் கட்டைவிரல். கல்தூசியில் சொரசொரத்துப்போன உள்ளங்கை. அழுத்தவில்லை. விடவுமில்லை. திரும்பிப் பார்த்தார். வெறும் காகிதம்.

அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. பெல்ட்டின் உருளை முழங்கை அருகே வந்தபோது அவர் விரல்கள் விரிந்தன. தானாக விரியவில்லை, அவர்தான் விரித்தார். தம்பி அண்ணன் முகத்தையே பார்த்தான். இவர் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான்.

விடாதவன் அவன்.

“அம்மா,” என்றார். “இதை மறுபடி மூட வைக்க முடியுமா?”

“மூடினா வலி வந்துடுமே ஐயா.”

“வந்துட்டுப் போகட்டும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “அதுக்கு ஊசி கிடையாது,” என்று ஊசிகளை உருவி டப்பாவில் போட்டாள்.

அவர் இடது கையை மூடிப் பார்த்தார். மூடியது. வலது கை மூடவில்லை. பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, மறுபடி பார்த்தார். ஒரு விரல்கூட மடங்கவில்லை. தம்பியின் பிடி மட்டும் அப்படியே இருந்தது.

“என்னப்பா பண்றீங்க, எழுந்திருங்க,” என்றாள் மகள்.

“ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடு. இன்னும் மேல அறுத்தா அவன் எதைப் பிடிப்பான்?”

“யாரு?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். படி குறுகல். மகள் தாங்கிப் பிடிக்க வலப்பக்கம் வந்தாள். அவர் இடது தோளைச் சுவரோடு ஒட்டி, வலப்பக்கம் இடம் விட்டு நின்றுகொண்டார்.

“நீ முன்னாடி போ,” என்றார். “நாங்க வர்றோம்.”