இருபத்தெட்டு அங்குல ராணி

அருள்செல்விக்கு அந்த வருஷம் பிடித்த பைத்தியத்துக்குப் பெயர் கார்செட். அந்தப் பெயரே ஊரில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. "என்னமோ வெள்ளைக்கார ராணி போடுற கச்சையாம்" என்றார்கள். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. அவளுடைய கை மெஷினில் அதுவரை ஓடியதெல்லாம் ஜாக்கெட், பாவாடை, கால்சட்டை, அப்புறம் கொடிகள். ஆட்சி மாறி ஐந்து வருஷமாகக் கறுப்பு சிவப்பும் தைத்தாள், கூலிச் சண்டைக்குச் செங்கொடியும் தைத்தாள். எந்தக் கொடியானாலும் அவளுக்கு ஓரம் அடிக்கிற வேலை ஒன்றுதான்.

பைத்தியம் சும்மா பிடிக்கவில்லை. டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. தையல் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்த சர்டிபிகேட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, நடவு வயலில் கால் கழுவியதும் கழுவாததுமாக பஸ் ஏறிப் போய் நின்றாள். தலைமையாசிரியை பிரகதாம்பாள் சர்டிபிகேட்டையும் பார்த்தார், அவள் நகக்கண்ணில் இருந்த சேற்றையும் பார்த்தார்.

"சர்டிபிகேட் வச்சிருக்கிறவங்க ஏழு பேரு வந்துட்டுப் போயிட்டாங்கம்மா. ஜாக்கெட் எல்லாரும்தான் தைப்பாங்க. மாசி மாசம் உங்க கோயில் திருவிழா நாடகத்துக்கு நான்தான் தலைமை. ராணி உடுப்பு நீதான் தைக்கப் போறேன்னு உங்க உபதேசியார் சொன்னாரு. அதப் பாத்துட்டுச் சொல்றேன்."

இது போதாதா? திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. நிலைகொள்ளாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மாசச் சம்பளம்! இடுப்பொடிய நடவு நட வேண்டாம், கார்த்திகை மார்கழியில் அடுப்பு தூங்க வேண்டாம். எல்லாம் ஒரு ராணியின் உடுப்பில் நிற்கிறது.

நாடகத்தை எழுதியவர் உபதேசியார் வேதநாயகம். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லிக் கொடுப்பார், மற்ற நாட்களில் நாடகம் எழுதுவார். ஐரோப்பாவில் எவளோ ஒரு ராணி ஏழைகளுக்காகக் கிரீடத்தைக் கழற்றி வைக்கிற கதை. ராணி வேஷம் யாருக்கு? வேறு யாருக்கு, அருள்செல்வியின் புருஷன் அந்தோணிமுத்துவுக்குத்தான். வரப்பு வெட்டி நாற்றுக்கட்டு சுமக்கிற ஆள். ஆனால் மீசையை மழித்துவிட்டு ராகம் இழுத்தானென்றால் பெண்பிள்ளைகளுக்கே வயிறு எரியும், அப்படியொரு குரல்.

உபதேசியார் ஒரு பழைய வெளிநாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். முன்னே இருந்த பங்குச் சாமியார் யாரோ விட்டுப்போனது, கால்வாசியைக் கரையான் தின்றிருந்தது. அதில் ஒரு ராணி நின்றாள். மேலேயும் கீழேயும் ஆள் இருக்கிறாள், நடுவில் இடுப்பைத்தான் காணோம். அடுத்த பக்கத்தில் அந்த இடுப்பைச் செய்கிற சாமானைத் துண்டு துண்டாகப் படம் போட்டிருந்தது. அருள்செல்வி புத்தகத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ளுக்குள்ள என்னங்க வச்சுத் தைக்கிறாங்க? இப்படி விறைப்பா நிக்குதே?"

உபதேசியார் எழுத்துக் கூட்டிப் படித்தார். "திமிங்கல எலும்பும்மா."

அந்தோணிமுத்து உடனே எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான். "கோடியக்கரை என்ன தூரம்? விடியக்காலம் கிளம்புனா பொழுது சாய வந்துடலாம் செல்வி."

"ஏன் மாமா, திமிங்கலம் என்ன நெத்திலியா, கூறு கட்டி வச்சிருக்க? சும்மா உக்காருங்க."

எலும்புக்கு அவளே வழி கண்டாள். சாமியார் வீட்டில் புயலில் செத்துப்போன குடைகள் இரண்டு கிடந்தன. கம்பிகள் பதினாறு. முனைகளை மழுங்கத் தட்டி, துணி சுற்றி, இரட்டைக் காடாத் துணிக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்து விட்டுத் தைத்தாள். நெஞ்சுக்கு நேரே ஒரு மூங்கில் பிளாச்சு. முதுகில் கயிறு கோக்கச் செருப்புத் தைக்கிறவரிடம் வாங்கிய பித்தளைக் கண்கள், கயிற்றுக்கு மீன் வலை நைலான். மூன்று ஊசி ஒடிந்தது. ஒரு ஊசி பறந்துபோய் எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. மேலே கத்தரிப்பூ நிறத்தில் பட்டுத் துணி போர்த்தி, ஓரத்துக்குக் கொசுவலையைக் கொசுவிச் சரிகை மாதிரி வைத்தாள். முடித்துவிட்டுத் தரையில் நிறுத்தினாள். ஆள் இல்லாமலே நின்றது! அருள்செல்வி தனியாக இருந்தும் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"இதுக்கு மேல ஒரு கவுன் போடணும்மா. இது உள்ள போடுறது" என்றார் உபதேசியார்.

"நல்லாருக்கே நாயம்! இம்புட்டுப் பாடுபட்டுத் தச்சத உள்ள ஒளிச்சு வைக்கவா? டீச்சர் எதப் பாப்பாங்க? மேலதான் போடுவாரு."

அவள் கண்ணைப் பார்த்த உபதேசியார், அந்த ராணி மேலேதான் போட்டாள் என்று கதையை மாற்றிக்கொண்டார்.

திருவிழா வந்தது. டீச்சர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று நாடகத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கே வைத்தார்கள். கோயில் பின்புறத்து ஓலைத் தட்டிக்குள் அந்தோணிமுத்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அருள்செல்வி கச்சையை மாட்டி முதுகுப் பக்கம் வந்தாள். இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. நடுவே நாலரை அங்குலம் வெறும் முதுகு.

"மாமா, மூச்ச இழுங்க."

"இழுத்துட்டேன் புள்ள."

"இன்னும்!"

"இனிமே இழுத்தா உசுருதான் வெளிய வரும்."

டேப்பை எடுத்துச் சுற்றினாள். முப்பத்திரண்டரை. நோட்டைப் பார்த்தாள். இருபத்தெட்டு. அவள் கையெழுத்துதான், கார்த்திகை மாசம் போட்டது. கார்த்திகை! மடச்சி, மடச்சி என்று தலையில் அடித்துக்கொண்டாள். கூலிக்காரன் இடுப்பை யாராவது கார்த்திகையில் அளப்பார்களா? குதிரில் நெல் தீர்ந்து, நத்தையும் நண்டுமாகப் பொழுதை ஓட்டுகிற மாசம். இப்போது மாசி. அதுவும் எப்படிப்பட்ட மாசி! செங்கொடி பிடித்து ஒரு மாசம் அரிவாளைத் தொடாமல் உட்கார்ந்ததில், தாலுகா ஆபீசில் பேசி அறுப்புக் கூலியை உயர்த்தியிருந்தார்கள். தையிலிருந்து ஊரே மூன்று வேளையும் உலை வைத்தது. அந்தோணிமுத்து வரால் குழம்பை ஊற்றி ஊற்றி அடித்தான். பரிமாறியதே அவள்தானே, அப்போதெல்லாம் சந்தோஷமாகத்தானே பரிமாறினாள்!

"வீரையண்ணே!" என்று கத்தினாள்.

வீரையன் வைக்கோல் வண்டிக்குப் பாரம் கட்டுவதில் சூரன். அவன் கட்டிய பாரம் வாய்க்காலில் வண்டியே கவிழ்ந்தாலும் அவிழாது. வந்து முதுகைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தான்.

"மாப்ள, அந்தத் தூண கட்டிப் புடிச்சுக்க. தங்கச்சி, நீ அந்தப் பக்கம் இழு."

முழங்காலை முதுகில் கொடுத்தான். ஒரு குச்சியைக் கயிற்றுக்குள் விட்டு முறுக்கினான். "ஏலே ஐலசா!" என்றான். தட்டிக்கு வெளியே நின்றவர்களும் காரணம் தெரியாமலே "ஐலசா!" என்றார்கள். நாலரை மூன்றாயிற்று. மூன்று ஒன்றாயிற்று. அந்தோணிமுத்துவின் கண்கள் பிதுங்கப் பிதுங்க, பித்தளைக் கண்கள் ஒன்றோடொன்று முத்தமிட்டுக்கொண்டன. வீரையன் முடிச்சுப் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தான். "ஆனா மாப்ள, மனுசனுக்கு இது ஆகாதுடா" என்றான்.

ராணி மேடை ஏறினாள். அடேயப்பா! ஊரே வாயைப் பிளந்தது. புத்தகத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி இடுப்பு. முன்வரிசை நாற்காலியில் பிரகதாம்பாள் டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் சாய்ந்ததை அருள்செல்வி தட்டியின் ஓட்டை வழியே பார்த்தாள். கிடைத்தது வேலை, கிடைத்தது, கிடைத்தது என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. ராணி வாயைத் திறந்தாள். "கீச்" என்று ஒரு சத்தம் வந்தது.

ஆர்மோனியம் மறுபடி கொடுத்தது. மறுபடி "கீச்." பாட மூச்சு வேண்டுமே, அது உள்ளே போக எங்கே இடம்? பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "ராணி எலிய முழுங்கிடுச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். அந்தோணிமுத்து வலியில் முகம் சிவந்து, ஒரு கையால் மூங்கில் பிளாச்சைப் பிடித்துக்கொண்டு தட்டிப் பக்கமே பார்த்தான். அவிழ்த்துவிடு என்று அவன் கேட்கவில்லை. அவள் வேலைக்காக, செத்தாலும் நின்றே சாவது என்று நின்றான்.

அது அருள்செல்விக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் மயிராச்சு என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நேராக மேடைக்குள் நுழைந்தாள். "மகாராணி, தோழி வந்திருக்கேன்!" என்று சொல்லிக்கொண்டே முதுகுப் பக்கம் போய், வீரையன் முடிச்சில் கத்தரியை வைத்தாள்.

நைலான் கயிறு "சர்ர்ர்" என்று கண்ணுக்குக் கண் ஓடி அவிழ்ந்தது. பதினாறு குடைக்கம்பியும் ஒரே நேரத்தில் விரிந்தன. கச்சை ராணியை விட்டுத் துள்ளி ஆர்மோனியக்காரர் மடியில் போய் விழுந்தது. அந்தோணிமுத்து கார்த்திகையிலிருந்து சேர்த்துவைத்த மாதிரி ஒரு மூச்சு இழுத்தான். இழுத்து, விட்டான் பாருங்கள் ஒரு பாட்டு! சட்டை இல்லாத ராணி, தொப்பை தெரியத் தெரிய, கிரீடத்தோடு பாடினாள். சிரித்தவர்களே எழுந்து நின்று விசில் அடித்தார்கள். உபதேசியார் மட்டும் தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் பிரகதாம்பாள் டீச்சர் தட்டிக்குள் வந்தார். அருள்செல்வி மூலையில் ஒடுங்கினாள். டீச்சர் கச்சையைக் கையில் எடுத்தார். உள்பக்கம் திருப்பினார், ஒவ்வொரு சந்தையும் விரலால் நெருடினார், ஒரு கம்பியை வளைத்துத் தையலை இழுத்துப் பார்த்தார். எங்கேயும் ஒரு இழை விட்டிருக்கவில்லை.

"தையல்ல குத்தமில்ல. அளவு எப்ப எடுத்தே?"

"கார்த்திகையில டீச்சர்."

டீச்சருக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, புடவையைப் போர்த்தி உட்கார்ந்திருந்த ராணியின் வயிற்றைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அருள்செல்விக்கும் அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், இந்த மனுஷனுக்குத் தொப்பை என்று ஒன்று விழுந்து அவள் பார்த்ததே இல்லை. அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தாள்.

"சரி, இத இப்ப எப்படிச் சரிபண்ணுவே?" என்று டீச்சர் கேட்டார். குரலில் பரீட்சை வைக்கிற தோரணை வந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் துண்டு கொடுத்து, நாலரை அங்குலம் சேப்பேன்."

"சேக்கிறது லேசு. வர்ற கார்த்திகையில ஆள் மறுபடி இளைச்சிட்டா? அப்ப தொளதொளன்னு ஆயிடுமே, என்ன பண்ணுவே?"

அருள்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இளைக்க விடமாட்டேன் டீச்சர். அதுக்குத்தான் உங்கக்கிட்ட வேலை கேக்குறேன்."

டீச்சர் சிரிப்பதை நிறுத்தினார். கச்சையை மடித்துத் தன் பைக்குள் வைக்கப் பார்த்தார், குடைக்கம்பி மடங்க மறுத்தது. அப்படியே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இது பள்ளிக்கூடத்துல இருக்கட்டும், பிள்ளைங்களுக்குக் காட்டணும். நீ ஜூன் ஒண்ணாந்தேதி வந்துடு. காலையில சாப்பிட்டுட்டு வா."