செத்த பிறகு வரும் புள்ளிகள்

எய்லா கோர்ப்பிக்கு வாழ்க்கையில் வயிற்றுவலி வந்ததே கிடையாது. ஆனாலும் மூன்று வருஷத்துக்கு முன்னால், டுலூத் பெண்கள் பனி ஹாக்கி அணி, தன்னுடைய முதல் கோல்கீப்பர் எய்லாவுக்குக் கடுமையான வயிற்றுவலி என்று தொடர்ந்து பதினோரு ஆட்டங்களுக்கு அறிக்கை விட்டது. அந்தப் பதினோரு ஆட்டமும் அவள் அரங்கத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்து, பன்றி இறைச்சி வைத்த போர்கெட்டா ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஊரே பார்த்தது. ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஊருக்கும் அந்த வருஷம் தோற்கத்தான் ஆசை.

காரணம் டிராஃப்ட். கல்லூரி முடித்துவரும் ஆட்டக்காரிகளை வருஷத்துக்கு ஒருமுறை வரிசையாக நிற்கவைத்து அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும். கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு முதல் தேர்வு. இளைத்தவன் தேறட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் என்ன ஆயிற்று? எட்டு அணி உள்ள லீகில் நான்கு அணிகள் பிப்ரவரி பிறந்ததும் யார் கடைசி என்று மல்லுக்கட்டின. ஒரு ஆட்டத்தில் ஒரு புண்ணியவதி தன் அணியின் வலைக்குள்ளேயே ரப்பர் வட்டை அடித்துவிட்டு, மட்டை வழுக்கிவிட்டது என்றாள். எதிரணிப் பயிற்சியாளர் முகத்தில் அப்படி ஒரு வயிற்றெரிச்சல்.

பார்த்தார் லீக் தலைவி ஹெலன் விட்ஃபர்ட். சட்டத்தை மாற்றினார். இனி, கோப்பைப் போட்டிக்குள் நுழைய வழியே இல்லை என்று கணக்குப்படி உறுதியாகும் நாளில் ஓர் அணி செத்துப்போகும். செத்த பிறகு அது ஜெயிக்கிற ஆட்டங்களுக்குத் தனியாகப் புள்ளி. யார் செத்த பிறகு அதிகப் புள்ளி சேர்க்கிறார்களோ அவர்களுக்கே முதல் தேர்வு. தோற்றால் ஒரு மண்ணும் கிடைக்காது. "இனிமேல் இந்த லீகில் தோற்க விரும்பும் ஆள் ஒருவர்கூட இருக்க முடியாது" என்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் அறிவித்தார். அந்த அம்மாள் கணக்கில் கெட்டிக்காரிதான். அணிகளை எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டார். ஆட்களில்தான் இரண்டு பேரை விட்டுவிட்டார்.

அதில் ஒருத்தி எய்லா. முப்பத்தைந்து வயது. கோடையில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை, மற்ற மாதங்களில் வலைக்கு முன்னால் வேலை. முதலாவதைப் பற்றி அவளுக்கு எந்தப் புகாரும் இல்லை, இரண்டாவது இல்லாமல் உயிரோடு இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அணி மேலாளர் கார்ல்டன் ப்ரூமர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. காப்பி?"

"காப்பி குடுத்தா கெட்ட சேதின்னு அர்த்தம்."

"பாதிக் கெட்டது." அவர் காப்பியை நகர்த்தி வைத்தார். "செத்த அணிங்கள்ல நாமளும் சட்பரியும் ஒரே புள்ளி. சனிக்கிழமை அவங்களோடதான் ஆட்டம். ஜெயிக்கிறவங்களுக்கு முதல் தேர்வு, தோக்கிறவங்களுக்கு ரெண்டாவது."

"தெரியும்."

"முதல் தேர்வுன்னா டெஸ்ஸா வாண்டர்லே. அதுவும் தெரியும்."

தெரியாமல் என்ன? டெஸ்ஸா வாண்டர்லே இருபத்திரண்டு வயதுக் கல்லூரிப் பெண். அந்த வருஷம் முழுக்க எல்லார் வாயிலும் அவள் பெயர்தான். அவளும் கோல்கீப்பர்.

"ஒரு அணிக்கு ரெண்டு கோல்கீப்பர்தான்," என்றார் கார்ல்டன். "அவ ஒண்ணு. இப்ப உனக்கு மாத்தா இருக்கிற சின்னவ ரெண்டு. உனக்கு ஒளிக்காம சொல்லிடணும்னு தோணுச்சு."

"அப்ப நான் சனிக்கிழமை ஜெயிச்சுக் குடுத்தா என் வேலை போயிடும்."

"அப்படிச் சொல்லாதே."

"வேற எப்படிச் சொல்றது?"

அவர் காப்பியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினார். "நல்லா ஆடும்மா," என்றார்.

இரண்டாவது ஆள் சட்பரி அணியின் கோல்கீப்பர் பெர்னிஸ் துஷார்ம். எய்லாவும் பெர்னியும் கல்லூரியில் ஒரே அறையில் நான்கு வருஷம் குப்பை கொட்டியவர்கள். ஒருத்தி காலுறையை இன்னொருத்தி போட்டுக்கொண்டு, டுலூத் போர்கெட்டா உசத்தியா சட்பரி போர்கெட்டா உசத்தியா என்று பதினேழு வருஷமாக முடியாத ஒரு சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். சட்பரி மேலாளரும் பெர்னியைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அங்கே காப்பிகூட இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் நேரத்தில் இரண்டு பேரும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்டியிட்டு, தொடையை நீட்டுகிற சாக்கில் பேசிக்கொண்டார்கள்.

"அழகா ரூல் போட்டிருக்காங்கடி," என்றாள் பெர்னி. "நீ ஜெயிச்சா நீ வீட்டுக்கு. நான் ஜெயிச்சா நான் வீட்டுக்கு."

"ஒண்ணை உள்ள விட்டா போதும். வேலை தங்கும்."

"விட்டா யார் வீட்டுக்குப் போறா?"

"நீதான்."

"பாத்தியா. அதனாலதான் சொல்றேன். நீ வேணும்னு விடக் கூடாது, நானும் விட மாட்டேன். வர்றதைத் தடுப்போம். தலையெழுத்து எப்படியோ அப்படி ஆகட்டும். சத்தியம் பண்ணு."

"சத்தியம். நீ?"

"என் முழங்கால் மேல சத்தியம்டி." கோல்கீப்பர்களுக்குள் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஆட்டம் தொடங்கியது. தலைக்கு மேலே தொங்கும் பெரிய திரையில் டெஸ்ஸா வாண்டர்லேயைக் காட்டினார்கள். யார் பக்கமும் சேராத சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, லீக் தலைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையசைத்தாள். நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். அதுவே எய்லாவுக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் இருபது நிமிஷம் கோல் இல்லை. இரண்டாவது இருபதில் சட்பரிப் பெண் ஒருத்தி தூரத்திலிருந்து சும்மா ஒரு அடி அடித்தாள். வட்டு மெதுவாக, வழி கேட்டுக்கொண்டு வருவது மாதிரி வந்தது. இதை விட்டால் யாருக்கும் தெரியாது, கண்ணில் வெளிச்சம் பட்டது என்று சொல்லிவிடலாம். அடுத்த வருஷமும் இதே வலை, இதே கம்பம், இதே குளிர். எய்லாவின் கையுறை திறந்தபடியே இருந்தது. அந்தக் கோடியில் பெர்னி குனிந்து, முழங்கால் இரண்டையும் கதவு போல மூடிக்கொண்டு, யோக்கியமாக நிற்பது தெரிந்தது. சே, நானும் ஒரு மனுஷியா என்று எய்லாவுக்கு அவமானமாகப் போயிற்று. கையுறையை மூடினாள். வட்டு கையுறைக்குள் இருந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. நெஞ்சில் வாங்கினாள், தோளில் வாங்கினாள், ஒருமுறை முகமூடியில் வாங்கிவிட்டு எழுந்து நின்று நடுவரிடம் நேரம் என்ன என்று கேட்டாள். ஒவ்வொன்றைத் தடுக்கும்போதும் அந்தச் சாம்பல் ஸ்வெட்டர்க்காரி உடைமாற்றும் அறையில் தன்னுடைய அலமாரிக்கு ஓர் அடி பக்கத்தில் வருகிறாள் என்று தெரிந்தே தடுத்தாள். எதிர்க்கோடியில் பெர்னியும் அதே கதைதான். செத்துப்போன இரண்டு அணிகள் ஆடிய ஆட்டத்தில் அறுபது நிமிஷமும் கோல் இல்லை, கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிஷத்திலும் இல்லை. ஜனங்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள். லீக் தலைவி எழுந்து நின்று கைதட்டினார். தன்னுடைய சட்டம் இப்படி வேலை செய்யும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

ஷூட்-அவுட் வந்தது. ஒருத்தி தனியாக வட்டைத் தள்ளிக்கொண்டு வந்து கோல்கீப்பரை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, ஒன்றும் உள்ளே போகவில்லை. ஏழாவதில் சட்பரியின் சூரப்புலி ஒருத்தி வந்தாள். எய்லா காலை நீட்டித் தடுத்தாள்.

டுலூத்தில் அனுப்ப நல்ல ஆள் தீர்ந்துவிட்டது. க்ரேட்டா லுண்ட் என்கிற தடுப்பாட்டக்காரி போனாள். அந்த வருஷம் முழுக்க ஒரு கோல்கூடப் போடாதவள். பாதி வழியில் வட்டு அவள் காலிலேயே இடறியது. பயந்துபோய், ஐஸோடு ஐஸாக, நேராக ஒரு அடி அடித்தாள்.

கூட்டம் பார்த்தது வட்டை. எய்லா பார்த்தது பெர்னியின் முழங்காலை. பதினேழு வருஷமாக அவளுக்குத் தெரிந்த முழங்கால்கள். மட்டை வட்டைத் தொடுவதற்கு முன்பே அவை ஒரு சாண் விலகின. வட்டு அந்த இடைவெளியில் போய் வலையில் படுத்துக்கொண்டது.

டுலூத் பெண்கள் எய்லா மேல் வந்து விழுந்தார்கள். அடியில் கிடந்தபடி, அடிப்பாவி, அடிப்பாவி என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை எல்லாரும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு இரண்டு அணியும் வரிசையில் நின்று கைகுலுக்கும் வழக்கம். பெர்னியின் முறை வந்தது. கையை நீட்டினாள், முகத்தை நீட்டவில்லை.

"ஐஸ் மோசம்," என்றாள்.

"ஆமா," என்றாள் எய்லா. அடுத்தவளுக்குக் கையை நீட்டினாள்.

சிறந்த ஆட்டக்காரிக்குப் பரிசு எய்லாவுக்கு. பரிசு கொடுத்தது ஊரின் பெரிய தூண்டில் கடை. உறைந்த ஏரியின் பனியில் மீன் பிடிக்கத் துளை போடும் மோட்டார்த் துளைப்பான், டப்பாவோடு. லீக் தலைவியே தூக்க முடியாமல் தூக்கிக் கொடுத்தார். "பனிக்காலத்தில் ஓய்வாக இருக்கும்போது பயன்படும்," என்றார். அதைக் கேட்டு எய்லா ஒலிபெருக்கியிலேயே சிரித்துவிட்டாள்.

பத்திரிகைகள் எல்லாம் சட்டத்தைப் புகழ்ந்தன. தோற்க ஆளில்லாத லீக் என்று ஒன்று தலைப்புப் போட்டது.

ஜூன் மாதம் டிராஃப்ட். எய்லா பெயிண்ட் கடையில் ஒரு வாடிக்கையாளரின் சமையலறைக்கு வெளிர்மஞ்சள் கலக்கிக்கொண்டே போனில் பார்த்தாள். கார்ல்டன் ப்ரூமர் மேடையேறி, கண்ணாடியை மாட்டி, சீட்டைப் படித்தார். டெஸ்ஸா வாண்டர்லே பெயர் இல்லை. கோல் போடுகிற ஒரு பெண்ணின் பெயரைப் படித்தார். மண்டபமே கிசுகிசுத்தது. ஏன் என்று நிருபர்கள் மொய்த்தார்கள்.

"கடைசி ஆட்டத்தைப் பாத்தீங்கல்ல? அறுபத்தஞ்சு நிமிஷம். நம்மால ஒரு கோல் போட முடியல. நமக்கு வேணுங்கிறது கோல்கீப்பர் இல்ல. அது நம்மகிட்ட இருக்கு."

எய்லா மஞ்சளை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டாள்.

சட்பரி மேலாளரும் அதே ஆட்டத்தைத்தான் பார்த்திருந்தார். பெர்னி தடுத்த அறுபத்தைந்து நிமிஷம் அவருக்கு ஞாபகமில்லை, முழங்காலுக்கு நடுவே போன அந்த ஒன்று மட்டும் கண்ணிலேயே நின்றது. இரண்டாவது தேர்வில் டெஸ்ஸா வாண்டர்லேயை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் சாம்பல் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுச் சட்பரிச் சட்டையை மாட்டினாள்.

சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் பெர்னியிடமிருந்து போன் வந்தது.

"எய்லா."

"சொல்லு."

"பாத்தியா?"

"பாத்தேன்."

"டிராஃப்டைக் கேக்கல. அன்னிக்கு. ஏழாவது அடி."

"அதையும்தான்."

"திட்டுடி. ஏதாவது ஒண்ணு திட்டித் தொலை."

மூன்று மாதமாக எய்லா வசவுகளை அடுக்கி வைத்திருந்தாள். ராத்திரி படுக்கும்போது ஒன்று, காலையில் ஒன்று என்று சேர்த்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்றிலும் காரம் இல்லை. பெர்னிக்கு வேலை போயிற்று. அந்த வலி எப்படி இருக்கும் என்று எய்லா மூன்று மாதம் முன்கூட்டியே பட்டுப் பார்த்துவிட்டாள்.

"இந்தப் பனிக்காலம் நீ சும்மாதானே இருப்ப?" என்றாள்.

"குத்துறியா?"

"குத்தல. எங்கிட்ட ஒரு துளைப்பான் இருக்கு. டப்பாகூடப் பிரிக்கல. எனக்கு இந்த வருஷமும் நேரமில்ல. நீ வந்து எடுத்துக்கோ."

பெர்னி சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

"எத்தனை அங்குலத் துளை போடும்?"

"எட்டு."

"எட்டு போதும்டி," என்றாள் பெர்னி. "எங்க ஏரியில அதுக்கு மேல பெரிய மீன் கிடையாது."