ருதைனா கொடுத்த ஆஃபியா

ரொட்டி அடுப்புக்காரர் ஹம்மாதியின் இடது தோளில் தீ வந்து உட்கார்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முன்பு. விரல் நீளம் இருக்கும். சுடவில்லை, சட்டையைக் கருக்கவில்லை, தண்ணீர் ஊற்றியும் அணையவில்லை. எங்கள் கடலோர ஊர் அஸெம்மூரில் அந்த வாரம் மத்தி மீன் வலையில் நன்றாக விழுந்திருந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். படகு மெக்கானிக் புஷாயிப் சிரியாவின் ஹொம்ஸிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ருதைனா, சுட்ட ரொட்டியை வாங்கிக்கொண்டு, "அல்லா உங்களுக்கு ஆஃபியா குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அவள் ஊரில் ஆஃபியா என்றால் உடல்நலம். உழைக்கிறவரைக் கண்டால் சொல்லும் வாழ்த்து. எங்கள் ஊரில் ஆஃபியா என்றால் தீ. எவ்வளவு கோபத்திலும் பெற்றவள் அதைப் பிள்ளைமேல் எறிய மாட்டாள். வரிசையில் நின்ற பெண்கள் ரொட்டிப் பலகையைத் தலையில் வைத்தபடி உறைந்துபோனார்கள். ஹம்மாதிதான், "சிரிச்சுக்கிட்டே சபிக்கிறியே, எந்த ஊரு மரியாதைம்மா இது?" என்று கேட்டார்.

ருதைனாவின் நாக்கு பழக்கத்தை விடவில்லை. குழாய் பழுது பார்த்தவன், புதினா விற்றவள், மருத்துவச்சி என்று பலர் தோளில் தீயோடு திரிந்தார்கள். ருதைனா தெருவில் நடந்தால், காற்றே இல்லாவிட்டாலும் அந்தத் தீ நாக்குகளெல்லாம் அவள் பக்கம் சாய்ந்தன. மாமியார் லல்லா ரஹ்மா அவள் வாயைப் பொத்தினாள். "இங்க நலத்துக்கு ஸஹ்ஹான்னு பேரு. அதச் சொல்லித் தொலை. இல்லாட்டி ஊமையா கெட." ருதைனா ஊமையாகவே கிடந்தாள். மகன் பிறந்தபோதுகூட முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டுதான் கொஞ்சினாள்.

காய்ச்சல் ஊரையே படுக்கவைத்த கோடையில்தான், தீ உட்கார்ந்தவர்கள் யாரும் இருமக்கூட இல்லை என்பதை ஊர் கவனித்தது. ஹம்மாதியின் கண்புரை தானாக விலகியிருந்தது. அவளை ஏசிய வாய்களே அவள் வாசலில் வந்து கெஞ்சின. ருதைனா கதவைத் திறக்கவில்லை.

ஆண்டுகள் போயின. லல்லா ரஹ்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. மருத்துவர்கள் கைவிட்டபின் மருமகளைக் கூப்பிட்டாள்.

"சொல்லுடி."

"பயமா இருக்கு அத்தை. இப்பல்லாம் எங் காதுக்கே அது தீன்னுதான் கேக்குது. கனவுகூட உங்க பேச்சுலதான் வருது."

"எரிஞ்சா எரியட்டும். உன் வாயால எரியிறேன்."

ருதைனா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தோளில் தீ எழுந்தது. தலையணை கருகும் நாற்றம் வந்தது. மாதக்கணக்கில் அசையாதவள் துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். மூச்சு சீராக வந்தது.

"சுடுதுடி," என்றாள், கண்ணில் நீரோடு. "இப்பத்தான்டி நீ எங்க ஊர்க்காரி."

அதன்பிறகு லல்லா ரஹ்மா தோளில் தகரத்தைக் கட்டிக்கொண்டு, மெத்தையில்லாமல் வெறும் தரையில் படுத்தாள். ஜனவரி மழையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தைகளின் ஈரத் துணிகளோடு வருவார்கள். அவளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே காயவைத்து எடுத்துப் போவார்கள்.