பக்கத்து நாற்காலியின் இருட்டு

இயக்குநர் கோவிந்தராஜனுக்குப் பொன்னாடை போர்த்தப்படும் போதெல்லாம் பக்கத்து நாற்காலியிலிருந்த சியாமளா மறைந்துபோனார். 2016இல் முதல் விருதின்போது இருபது நிமிஷம். 2019இல் ஒன்றரை நாள். 2022இல் பதினோரு நாள். நாற்காலி தெரிந்தது, மடியிலிருந்த கோப்பு தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கோவிந்தராஜன் மட்டும் அன்று ஓரமெல்லாம் கோடு போட்டதுபோலப் பளிச்சென்று இருந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள்.

புனேயில் ஹடப்சர் பக்கமிருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. ஒடிசாக் கரையிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கிக் கொண்டுவந்த குதிரை லாட நண்டுகள் அங்கே உப்புநீர்த் தொட்டியில் இருந்தன. அவற்றின் பக்கக் கண் ஒவ்வொன்றும் ஆயிரம் சின்னக் கண்கள் சேர்ந்தது. ஒரு சின்னக் கண்ணில் வெளிச்சம் விழுந்தால், அதன் நரம்பு பக்கத்துக் கண்களின் நரம்புகளை அடக்கிவிடும். பொருள்களின் ஓரம் தூக்கலாகத் தெரிவது அதனால்தான். அந்த நரம்புகளை இழை இழையாகப் பிரித்து, ஒலிபெருக்கியில் அவற்றின் டிக் டிக்கைப் பதினான்கு வருஷம் கேட்டவர் சியாமளா. அதைப் பற்றிப் பதினெட்டு நாடுகளில் சொற்பொழிவாற்றியவர் கோவிந்தராஜன். "நண்டின் பார்வையோடு நான் ஒன்றிவிட்டேன்" என்று ஆரம்பிப்பார். நண்டுக்குக் கண் எந்தப் பக்கம் என்று அவருக்கு யாராவது காட்ட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சியாமளா கொஞ்சம் குறைந்தே திரும்பினார். 2022க்குப் பிறகு இடது கை வரவேயில்லை. வேலை செய்தது, தெரியவில்லை. நிக்டி பஸ்ஸில் ஆட்கள் மன்னிப்புக்கூடக் கேட்காமல் அவர் மடிமேல் உட்கார்ந்தார்கள். தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, எட்டாவது படிக்கும் மகள் வைஷு, அம்மா மறைந்திருந்த பழைய கணக்குகளை வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தாள். கோடு தாளுக்கு வெளியே போயிற்று.

"அம்மா, இந்த வாட்டி நீ வாபஸ் வர மாட்டே."

"வருவேன்டி."

"பொய்! லெஃப்ட் ஹேண்ட் கிதர் ஹை?"

"பாக்கெட்ல இருக்கு."

"புடவைக்கு ஏது பாக்கெட்?"

மறுநாள் சியாமளா, விழாவில் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேனே என்று கோவிந்தராஜனைக் கேட்டார். "என்னம்மா இது, டீம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்றார் அவர். "யாராவது கேள்வி கேட்டா நீ பக்கத்துல இருந்தாத்தானே எனக்குப் பதில் தெரியும்?"

அந்த வாரம் சோதனையில் நண்டின் ஒரு சின்னக் கண், பக்கத்துக் கண்ணில் விழுந்த வெளிச்சத்தால் அடங்கிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணுக்கும் அப்பாலிருந்த மூன்றாவது கண்ணில் சியாமளா ஒரு விளக்கைக் காட்டினார். நடுக் கண் சுருதி இறங்கியது. அடங்கிக் கிடந்தது மறுபடி டிக் டிக் என்றது. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, விழாவுக்கு நாற்காலி போடப் போனார். அதுவும் அவர் வேலைதான். கோவிந்தராஜனுக்கு மறுபக்கம் டில்லி ஆலோசகர் ஹரிபிரசாத்தின் பெயர்ப்பலகையை வைத்தார். தம்மைப் பற்றிய அறிமுக உரையை நாலு பக்கம் அச்சடித்துக் கையோடு கொண்டுவருபவர் அவர்.

விழாவில் அந்த நாலு பக்கமும் வாசிக்கப்பட்டது. இரண்டாவது பக்கத்தில் கோவிந்தராஜனின் கழுத்துக்கு மேல் மங்கியது. பதறிப்போய் அவர் தம் விருதுகளைத் தாமே சொல்ல ஆரம்பித்ததும் ஹரிபிரசாத் இடுப்புவரை போனார். கால் மணி நேரத்தில் மேடையில் இரண்டு பொன்னாடைகளும், "நான்" என்ற சொல்லும்தான் மிச்சம். கேள்வி நேரம் வந்தபோது மேடையில் ஒரே ஆள்தான் இருந்தார், இரண்டு கைகளோடும். பதில்களை அவரே சொன்னார். அவற்றைச் சபை அவர் வாயால் கேட்டது அதுவே முதல் தடவை.

திங்கட்கிழமை டீ நேரத்துக்குள் பெரியவர்கள் இருவரும் மறுபடி தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய மனிதர்களைப் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்த்த வேண்டும் என்று நிலையம் சுற்றறிக்கை அனுப்பியது. காரணம் எழுதவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

விழா முடிந்த அன்று பஸ்ஸில் திரும்பும்போது, கூட வந்திருந்த வைஷு அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, உனக்கு இவ்ளோ வெள்ளை முடி கப் சே?"

"ரொம்ப நாளா இருக்குடி."

வைஷு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். சிவாஜிநகர் வருவதற்குள் அறுபத்திரண்டு ஆகியிருந்தது.