தனசிங் தந்த கை

எண்பத்து மூன்றாம் வருஷம், சனத்நகரில் எங்கள் ஃபோர்ஜ் ஷாப்பில் நான் சம்மட்டி போட்டால், ரயில் கேட் ஓரத்து இரானி ஹோட்டலில் சாயின்மேல் படிந்த பாலாடை தானாக ஒதுங்கும். மிகையில்லை. கல்லாக்காரர் அதை நம்பி ஸ்பூன் வைப்பதையே நிறுத்தியிருந்தார்.

அந்தக் கைதான் ஆறு மாதமாக நாலாவது அடியிலேயே மரத்துப்போய்க்கொண்டிருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அப்போது பார்த்து டாக்டர் மெட்டில்டா வந்தார். செகந்திராபாத் தமிழ்ப் பெண், தசை ஆராய்ச்சி. மேல்கையில் காசளவு மூன்று தகடு ஒட்டி, இடுப்பில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை மாட்டிவிடுவார். பெட்டியிலிருந்து அவர் அறைக்குக் கம்பி எதுவும் போகாது. நாம் ஷாப்பில் அடிக்க, சுவருக்கு அப்பால் ஒரு பேனா காகிதத்தில் நம் தசையை எழுதும்.

பக்கத்து ஷாப் ஆரோக்கியசாமிக்குத் திங்கட்கிழமை தகடு ஒட்டினார்கள். வியாழக்கிழமை சம்மட்டியைப் பறித்து, அவரைக் கேட்டில் ஸ்டூலில் காவலுக்கு உட்கார்த்திவிட்டார்கள். அடுத்து வேலையை விட்டே நிறுத்தும் ‘அன்ஃபிட்’ கடிதம் வரும், அப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும் என்றார்கள். என் பெயர் மறுவாரப் பட்டியலில்.

தகடு ஒட்டிய காலையில் கரிக்குவியலுக்குப் பின்னால் தனசிங்கை இழுத்துப் போனேன். என் ஜோடி. ஒருவன் இடுக்கியில் இரும்பைப் பிடிக்க, மற்றவன் அடிப்போம். ஒருவன் பிந்தினால் மற்றவன் அவன் வருகைக் கார்டையும் சேர்த்துக் குத்துவது இருபது வருஷ வழக்கம்.

“ஏல, இத நீ மாட்டிக்கிட்டு அடி.”

“கார்டு குத்துனா பத்தாதா? கையும் குத்தணுமா?”

“என் கை செத்துப்போச்சுல, மக்கா.”

அவன் சிரிப்பு நின்றது. “என் கையவா?” என்று ஒருமுறை இழுத்தான். பிறகு சட்டையைக் கழற்றினான். இடுக்கி பிடிக்க வேறொருவர் நின்றார். நான் ஒளிந்துகொண்டேன்.

கால் மணியில் பியூன் அப்துல் ரஹீம் வந்துவிட்டார். “ஜெயகரன் பாய், மேடம் புலாரே. ஜல்தி!”

டாக்டர் கூப்பிடுகிறாராம்; ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமாம். முழுக்கைச் சட்டை காப்பாற்றும் என்று போனேன். இடது கையில் பட்டை சுற்றினார். வலது கையைத் தொங்கவிட்டு நின்றேன்.

பேனா குதித்தது. சுவருக்கு அப்பால் ‘டங்’. மறுபடி பேனா. மறுபடி ‘டங்’.

“அங்கிள், நீங்க இங்க நிக்கிறீங்க. உங்க கை அங்க அடிக்குது.”

“பழக்கம்மா. நான் நின்னாலும் அது நிக்காது.”

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பினார். “ஒரு அடி முடிஞ்சா கோடு படுத்துக்கணும். இது படுக்கவே இல்லை, நடுங்குது பாருங்க. இந்தக் கை சம்மட்டியை எப்ப வேணா நழுவ விடும். எதிர்ல இடுக்கி பிடிக்கிறவர் தலை என்ன ஆகும்?”

எதிரில் தினமும் இருந்தது என் தலை.

“யார் கை, சொல்லுங்க. இன்னைக்கே சம்மட்டியிலேர்ந்து எடுக்கணும்.”

அவன் பெயரைச் சொன்னால் ஸ்டூல் அவனுக்கு. சொல்லாவிட்டால் சம்மட்டி யார் தலைக்கோ.

“என்னுதுதாம்மா” என்றேன். “நாளைக்குத் தனசிங்கையும் பாத்திருங்க.”

காகிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் தனசிங் பெயரையும் எழுதிக்கொண்டார். பிறகு ஆளனுப்பிச் சம்மட்டியை நிறுத்தச் சொன்னார்.

வெளியே வந்து தனசிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எங்கைக்கு ஒண்ணுமில்லல” என்றான்.

“சரி. நாளைக்கு உன் முறை. பதிலுக்கு எங்கையத் தாறேன்.”

“உன் செத்த கையா?”

“ஆமா. மாட்டிக்கிட்டா பழி எங்கைக்கு.”

கொஞ்ச நேரம் கரியைக் காலால் கிளறினான். “தா” என்றான்.

மறுநாள் தனசிங்கின் தகடு என் மேல்கையில். இரும்பை ஓரமாகத் தள்ளிவைத்து, எதிரில் யாரையும் நிற்கவிடாமல் அடித்தேன். ஆறாவது அடியில் சம்மட்டி பறந்து, கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போனது. ஊரின் மறுகோடியில் மௌலா அலி குன்றில் விழுந்ததாகக் கேள்வி.

வியாழக்கிழமை கேட்டில் இன்னும் இரண்டு ஸ்டூல். எங்கள் இருவருக்கும் அன்ஃபிட் கடிதத்தை ஏனோ டாக்டர் எழுதவேயில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை, ரஹீம் காகிதத்தோடு வரும்போதெல்லாம் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றேன்.

தனசிங் வருவோர் போவோரிடமெல்லாம் இன்னும் சொல்கிறான்: “எங்கை இரும்பு சார். இந்தப் பய கையால மாட்டிக்கிட்டேன்.” சொல்லும்போது சாய் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருப்பான். நான் மறுப்பதில்லை.